மூன்று தரம் மாற்றிய தண்ணீர்

என் மனைவி என்னிடம் கேட்டது ஒரேயொரு சாமான். உப்பு. வாயால் சொன்னால் மறந்துவிடுவேன் என்று மஞ்சள் துண்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, காலை ஆறரைக்கு வேலைக்குப் புறப்பட்டுப் போனார். "உப்பு. படிக்கு." இரண்டே சொற்கள். ஒரு மனுசனுக்கு இதைவிடச் சுருக்கமாகக் கட்டளையிட முடியாது. இதைவிட முழுமையாக அதை மறக்கவும் முடியாது.

எங்கள் வீடு தென் லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. முன்வாசலுக்கு ஐந்து படிகள். கட்டியவனுக்கு யார்மேல் என்ன கோபமோ, ஐந்துக்கும் வழுவழுப்பான ஓடு பதித்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு குளிர்காலத்துக்கு முன் மூன்றாவது படியில் மனைவி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். உள்ளே தகடும் திருகாணியும் வைத்துத்தான் பொருத்தினார்கள். அவருக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஆட்களைத் தூக்கி இருத்துவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் அந்தக் கையால்தான். அதே இடத்தில் இன்னொரு தரம் உடைந்தால் தூக்குகிற வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். வேலையை விடுவதென்றால் முழுநாளும் வீட்டில் என்னோடு இருக்கவேண்டும். அதை நினைத்தே அவர் பயந்தார். கை கட்டோடு இருந்த ஆறு கிழமையும் நான்தான் சமைத்தேன். "கை பொருந்தீட்டுது, வயிறுதான் இன்னும் பொருந்தேல்லை" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லுவார்.

ஆகவே உப்பு. பனி விழுவதற்கு முன் படியில் தூவிவிட்டால் ஐஸ் பிடிக்காது. சின்னப்பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம்.

ஆனால் எனக்கு அன்று உப்பைவிடப் பெரிய கவலைகள் இருந்தன. என் போனில் வானிலை பார்க்க மூன்று செயலிகள் வைத்திருக்கிறேன். மூன்றும் ஒத்துப்போனால் கவலைப்படுவேன். ஒத்துப்போகாவிட்டால் அதைவிடக் கவலைப்படுவேன். அன்று மூன்றிலும் மஞ்சள் எச்சரிக்கை. பனிப்புயலுக்கு ஒரு பெயர் வேறு வைத்திருந்தார்கள், நாலாம் வகுப்பில் கணக்கு ரீச்சருக்கு நாங்கள் பட்டப்பெயர் வைத்தது மாதிரி. பெயர் வைத்து ஒன்றைக் கூப்பிட்டால் அது வராமல் விடுமா? முதல்நாளே வேலையிடத்தில் லீவு கேட்டேன். என்ன காரணம் என்றார்கள். புயல் என்றேன். யாரும் செத்ததற்குக்கூட அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நான் லீவு கேட்டதில்லை, மறுபேச்சில்லாமல் தந்துவிட்டார்கள்.

காலையில் குடும்ப வாட்ஸப்பில் எச்சரிக்கைப் படத்தைப் போட்டேன். ரொறன்ரோவிலிருந்து அத்தான் உடனே குரல்பதிவு அனுப்பினார். அந்த மனுசன் நித்திரையே கொள்ளுவதில்லை. "தம்பி, எத்தினை சென்டிமீட்டராம்? இரண்டோ? இஞ்ச எங்கட கார்க் கண்ணாடியில கிடக்கிறதே அதைவிடக் கூட. நீர் பயப்பிடாமல் ஒரு தும்புத்தடியால கூட்டி விடும்." பின்னணியில் அக்கா சிரிப்பது கேட்டது. கனடாக்காரருக்குக் குளிரை விட்டால் பெருமைப்பட வேறொன்றும் இல்லை என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

என்னுடைய நோய் பழையது. சண்டை நடந்த ஊரில், ஊரடங்குச் சட்டம் என்றால் எத்தனை நாள் என்று சொல்லமாட்டார்கள் என்று பழகி வளர்ந்தவன் நான். வானொலி ஒரு நாள் என்றால் வீடு பத்து நாளுக்குச் சாமான் அடுக்கும். முதலில் அரிசி, பிறகு மண்ணெண்ணெய், பிறகு மெழுகுதிரி, கடைசியில் வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர். முப்பது வருடம் லண்டனில் குடியிருந்தும் என் கால்கள் 'எச்சரிக்கை' என்ற சொல்லைக் கேட்டால் என்னைக் கேட்காமலே கடைக்கு நடக்கின்றன. மூளை பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். சில வேளை வந்தே சேராது.

கடையில் இருபது கிலோ அரிசி மூட்டையைக் கவுண்டரில் இறக்கியபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, ஸ்னோ வருதோ, சண்டை வருதோ?"

"மூண்டு நாள் வெளிய போகேலாதாம்."

"ஆர் சொன்னது?"

"போன்."

"என்ர போன் பின்னேரம் கொஞ்சம் தூவும் எண்டுதான் சொல்லுது."

"உம்மட போன் பழசு."

அவர் பருப்பு, டின்மீன், மெழுகுதிரி, பால்மா எல்லாவற்றையும் கணக்கு மெஷினில் அடித்தார். பன்னிரண்டு பற்றரி வாங்கினேன். எங்கள் வீட்டு ரோர்ச் கரண்டில் சார்ஜ் செய்கிறது. அது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. உப்பு வரிசைப் பக்கம் திரும்பத்தான் இருந்தேன். சத்தியமாகத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர், "காலமை வந்த நண்டு கிடக்கு, அண்ணை. கூழுக்கெண்டே வந்தது மாதிரி" என்றார்.

ஒடியல் கூழ். குளிருக்கு அதைப்போல வேறொன்று கிடையாது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவைக் கரைத்து, நண்டு, இறால், மீன், மரவள்ளிக்கிழங்கு, பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாவற்றோடும் கொதிக்கவைத்து, செத்தல் மிளகாயும் புளியும் விட்டுத் தடிப்பாக இறக்கினால் ஒரு குவளையிலேயே மூக்கு ஒழுகும், நெற்றி வேர்க்கும், ஹீற்றரை நிறுத்தலாம். மனைவி குளிரில் நடுங்கிக்கொண்டு வருவார், கையில் கூழ்க் குவளையைக் கொடுப்பேன், அவர் என்னை ஒருவிதமாகப் பார்ப்பார். இந்தப் படம் மனதில் ஓடியதும் உப்பு, படி, மணிக்கட்டு எல்லாம் போயே போய்விட்டன. ஒடியல் மாப் பைக்கற்றையும் நண்டையும் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். துண்டுத்தாள் ஒட்டியிருந்த அதே கதவைத் திறந்து நண்டை உள்ளே வைத்தேன். தாளைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்திருக்கவேண்டும். கண் பார்த்தது. அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். குழாய் உறைந்துவிட்டால்? குளியல் தொட்டியை முட்ட நிரப்பினேன். சமையலறை சிங்கையும் அடைத்து நிரப்பினேன். அதற்குப் பிறகு பின்கதவு. அதன் இடுக்கால் குளிர்காற்று வரும். பார்சல் கட்டுகிற அகலமான மண்ணிற ரேப்பை எடுத்து, கதவின் நாலு பக்கமும் இரண்டு சுற்று ஒட்டி, கீழே பழைய போர்வையைச் சுருட்டி அடைத்தேன். பிரேதப்பெட்டியைக்கூட அவ்வளவு இறுக்கமாக மூடமாட்டார்கள்.

மாடியிலிருந்து மகளின் குரல் வந்தது. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பரீட்சைக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அப்பா, வை இஸ் த பாத் ஃபுல்?"

"பைப் உறைஞ்சு போனால்?"

"பைப் ஒண்டும் ப்ரீஸ் ஆகாது. இட்ஸ் மைனஸ் டூ, அப்பா. ஐ நீட் அ பாத்."

"வாளியில அள்ளிக் குளி."

"அப்பா, திஸ் இஸ் லண்டன்."

"அதாலதான் பிள்ளை சொல்லுறன்."

கதவு அடிபடுகிற சத்தம் கேட்டது. நான் கூழைத் தொடங்கினேன்.

ஒடியல் மாவில் ஒரு சிக்கல் உண்டு. அது கைக்கும், பாகற்காய் மாதிரிக் கசக்கும். பெரிய சட்டியில் தண்ணீர்விட்டுக் கரைத்து ஊறவைத்து, மா அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விடவேண்டும். நான் செய்கிற கூழ் எப்போதும் கைக்கும் என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. காரணம் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு தரத்தோடு விட்டுவிடுவேன். அன்றோ லீவு, புயல், ஆர்வம் மூன்றும் கூடியிருந்தன. இந்தமுறை மூன்று தரம் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

முதல் தண்ணீரை எங்கே ஊற்றுவது? சிங்க் முட்ட என் அவசரகாலத் தண்ணீர். தொட்டியும் அப்படியே. பின்கதவு சீல் வைத்தாயிற்று. மலகூடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டுச் சாமான் ஊறின தண்ணீரை அங்கே ஊற்றக் கை வராது. அதை மரத்துக்குத்தான் ஊற்றவேண்டும். அரிசி கழுவின தண்ணீர் வாழைக்கு, மீன் கழுவின தண்ணீர் முருங்கைக்கு. இங்கே வாழையும் இல்லை, முருங்கையும் இல்லை. முன்வாசல் மேற்படியின் ஓரத்தில் ஒரு சாடியில் ரோசா இருந்தது. முன்கதவை அரை அடி திறந்து, முகத்தில் குளிர் படமுன், சட்டியை அந்தப் பக்கம் கவிழ்த்து வீசிவிட்டுக் கதவைச் சாத்தினேன். முக்கால் மணித்தியாலம் கழித்து இன்னொரு சட்டி. பிறகு மூன்றாவது. ஒவ்வொரு தரமும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. கல்லாய் உறைந்த மண் தண்ணீரைக் குடிக்காது என்பது ஒரு வெப்பநாட்டு மண்டைக்குள் எப்படி ஏறும்?

மத்தியானம் கழிந்து அடுப்பில் கிழங்கும் நண்டும் கொதித்துக்கொண்டிருக்க, மாவைக் கரைத்து விட்டேன். கூழ் தடிக்கத் தொடங்கியது. ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கைப்பே இல்லை. நான் உப்பு எடுக்கக் கைநீட்டிய நேரம் போன் அடித்தது.

"இஞ்சேருங்கோ, மனேஜர் எங்களை வெள்ளன விட்டிட்டா. ட்ராமில வாறன். இன்னும் இருபது நிமிசத்தில நிப்பன்."

"வாரும், வாரும். கூழ் காய்ச்சிறன்."

"கூழோ? ஆ. படிக்கு உப்புப் போட்டிட்டீங்கள்தானே?"

கையில் உப்புப் போத்தல். எதிரே மஞ்சள் தாள். "ஓம்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. இருபது நிமிடம் இருக்கிறதே, பனிதான் இன்னும் விழவில்லையே, படி காய்ந்துதானே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு முன்கதவை முழுதாகத் திறந்தேன்.

தெரு முழுவதும் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் படி காய்ந்து கிடந்தது. வானத்திலிருந்து ஒரு பொட்டுப் பனி இல்லை. எங்கள் ஐந்து படிகள் மட்டும் கண்ணாடி வார்த்ததுபோல் பளபளத்தன. ஒடியல் தண்ணீர் மேற்படியிலிருந்து கீழ்ப்படிவரை ஆறாக ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கில் உறைந்திருந்தது. இலேசான பழுப்பு நிறம். அழகாகக்கூட இருந்தது. அன்று லண்டன் முழுவதிலும் வழுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதையும் கதவுக்கு வெளியே நானே செய்து வைத்திருந்தேன்.

போத்தலில் இருந்த உப்பைக் கொட்டினேன். மேற்படிக்கும் போதவில்லை. கடைக்குப் போய்வர அரைமணித்தியாலம். மேலே ஓடினேன்.

"பிள்ளை, வீட்டில வேற உப்பு இருக்கோ?"

"வாட் கைண்ட் ஒஃப் உப்பு?"

"என்ன உப்பெண்டாலும்."

சொல்லிக்கொண்டே குளியலறைத் தட்டைப் பார்த்தேன். லவெண்டர் வாசனை போட்ட ஊதா நிறக் குளியல் உப்பு, பெரிய கண்ணாடிப் போத்தலில், ரிபன் கட்டியபடி.

"அப்பா, நோ. தட்ஸ் மை பேர்த்டே பிரசென்ட்."

"அம்மாட கை, பிள்ளை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்து வாசலை எட்டிப் பார்த்தாள். "ஓ மை கோட். வாட் டிட் யூ டூ?"

"பேந்து சொல்லுறன். நீ பின்கதவு ரேப்பைக் கிழி. கெதியா."

அவள் பின்னுக்கு ஓடினாள். நான் வாசலில் குந்தியிருந்து ஊதா உப்பை ஒவ்வொரு படியாய்த் தூவினேன். வாசனை மூக்கைத் துளைத்தது. ஐஸ் உருகுவதற்கு எந்த அவசரமும் காட்டவில்லை. பின்பக்கத்தில் ரேப் கிழிகிற சத்தமும், இடையிடையே மகள் இங்கிலீசில் சொன்ன, நான் கேளாத மாதிரி இருந்த சொற்களும் வந்துகொண்டிருந்தன. எவ்வளவு இறுக்கி ஒட்டியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குள் தெருமுனையில் மனைவியின் நீலக் கோட் தெரிந்தது. வலது கையைக் கோட் பைக்குள் விட்டு, இடது கையில் பையோடு, கீழே பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். விழுந்த பிறகு அவர் நடக்கிற நடை அது. அந்த நடையை நான் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். காய்ந்த தெருவிலும் அப்படித்தான் நடப்பார். நேரே வந்து படியில் கால் வைப்பார். நான் உப்புப் போட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், நம்பித்தான் வைப்பார்.

"நில்லும், அங்கேயே நில்லும்" என்று கத்திக்கொண்டு எழும்பினேன். மேற்படியில் உருகாத இடத்தில் கால் பட்டது. அடுத்தது நான் செய்ததல்ல, அதுவாக நடந்தது. ஐந்து படியையும் பின்பக்கத்தால் எண்ணிக்கொண்டு வந்து, கையில் ரிபன் கட்டிய வெறும் போத்தலோடு, மனைவியின் சப்பாத்துக்கு முன்னால் இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். படியைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"எழும்ப ஏலுமோ?"

"ஏலும்."

"அப்ப எழும்புங்கோ. நான் கை தரமாட்டன்."

"தரவேண்டாம். அதுக்குத்தான் கத்தினனான்."

எழும்புவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் பொறுமையாக நின்றார். பக்கத்து வீட்டுப் படியையும் எங்கள் படியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவையின்ர படி காய்ஞ்சு கிடக்கு."

"காத்து இந்தப் பக்கம்தான் அடிச்சது" என்றேன்.

"உதென்ன சோப்பு மணம்?"

"உப்பு."

அவர் மூக்கைச் சுளித்து என் கையிலிருந்த ரிபன் போத்தலைப் பார்த்தார். அது எனக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. இருவரும் தெருவைச் சுற்றிப் பின் ஒழுங்கைக்குப் போனோம். அவர் முன்னால், நான் நொண்டிக்கொண்டு பின்னால். மகள் பின்கதவைத் திறந்தபோது அவள் தலைமயிரில் ஒரு முழ ரேப் தொங்கியது. மனைவி வாசல் நிலையை இடது கையால் பிடித்து, ஒரு காலை வைத்துப் பார்த்து, மற்றக் காலையும் வைத்து உள்ளே வந்தார். வலது கை கோட் பைக்குள்ளேயே இருந்தது. அதை அவர் வெளியே எடுத்துக் கோட்டைக் கழற்றும்வரை நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூழை மூன்று குவளையில் வார்த்தேன். அவர்கள் மேசையில் இருந்தார்கள். நான் நின்றுகொண்டு குடித்தேன். அன்று எனக்கு வேறு வழி இல்லை. யன்னலுக்கு வெளியே அப்போதுதான் புயல் வந்தது. நாலைந்து பூத்தூவல், யாரோ மாடியில் தலையணை உதறியது மாதிரி. நிலத்தில் பட்டதும் காணாமற் போயின.

மனைவி ஒரு வாய் குடித்தார்.

"உப்பில்லை."

"ஓம்."

"வீட்டில இருந்த உப்பெங்க?"

"படியில."

"நான் வாங்கச் சொன்ன உப்பு?"

"கடையில."

எலுமிச்சங்காய் ஊறுகாயை எடுத்துக் குவளையில் கொஞ்சம் கரைத்து இன்னொரு வாய் குடித்தார். முகம் மாறியது. மகளும் ஊறுகாயைக் கரைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, திஸ் இஸ் அக்சுவலி குட்."

"ஓம், இந்தமுறை கைப்பே இல்லை" என்றார் மனைவி. "இவ்வளவு நாளும் இல்லாத அதிசயம்."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கவேண்டும். ஆனால் இருபது வருடத்தில் என் சமையலுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

"மூண்டு தரம் தண்ணி மாத்தினனான்" என்றேன்.

"மூண்டு தரமோ?"

"பெரிய சட்டியில."

மனைவி குவளையை மேசையில் வைத்தார். முட்ட நிறைந்திருந்த சிங்கைப் பார்த்தார். பின்கதவில் தொங்கிய ரேப்பைப் பார்த்தார். அவர் மூளை நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. மகள் குவளைக்குள் நண்டுக்கால் தேடுகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தத் தண்ணியை எங்க ஊத்தினனீங்கள்?"

"ரோசாவுக்கு."

"அந்த ரோசா பட்டுப்போய் இரண்டு வருசம்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தினமும் அதைக் கடந்துதான் போய்வருகிறேன்.

அவர் எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து மஞ்சள் தாளை உரித்து வந்து, என் சேட்டின் நெஞ்சுப் பக்கத்தில் ஒட்டி, வலது கையால் இரண்டு தரம் அழுத்தினார். நல்ல பலமான கை. தகடு வைத்ததென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"கடை ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். நாளைக்கும் எனக்குக் காலமை வேலை."

நான் கோட்டை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் முன்வாசலுக்கு நடந்தேன்.

"பின்கதவால போங்கோ" என்றார்.